மணிக்கு இருந்த ஆள்

நேரம் இல்லாதவர்கள் நாய் வளர்க்கக் கூடாது என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். வகுப்பில் மாணவிகளிடம் சொல்லியிருக்கிறேன். வெளியூரில் வேலை பார்க்கும் தம்பி நாய்க்குட்டி வாங்க ஆசைப்பட்டபோது அவனிடமும் சொன்னேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். மறுக்க முடியாத பேச்சுதானே. கடைசியாக அதைச் சொன்னது, மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஆடி மாத இரவில், ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஓர் அக்காவிடம். அதற்குப் பிறகு சொல்லவில்லை. ஏன் சொல்ல முடியவில்லை என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

போடிநாயக்கனூரில் பொழுது ஜீப் சத்தத்தோடு விடியும். போடி, தேவாரம், கோம்பை, கம்பம் என்று மலையடிவாரத்து ஊர்களிலிருந்தெல்லாம் பெண்கள் கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் ஏறி இறங்குகிறார்கள். எங்கள் ஊர் ஜீப்புகள் முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறைப் பக்கமும் சாந்தன்பாறைப் பக்கமும் போகும். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் அதன் காய் தூரில்தான் காய்க்கிறது. சரம் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். பறிக்கிறவர் நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோ இருக்க வேண்டும். ஒரே சரத்தில் முற்றியதும் பிஞ்சும் சேர்ந்தே இருப்பதால் முற்றியதை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். மீதியை ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கழித்து அடுத்த சுற்றில் எடுப்பார்கள். ஆடியில் சூடு பிடிக்கிற வேலை தை வரைக்கும் இருக்கும். அந்த அக்கா வீட்டைவிட்டு இறங்குவது அதிகாலை நாலே முக்காலுக்கு. திரும்ப வந்து சேர ஆறரை, சில நாள் ஏழு. கூலி தோட்டத்தில் இருக்கும் நேரத்துக்குத்தான். ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் மணிக்கணக்கான நேரம் யார் கணக்கிலும் வராது.

எங்கள் வீட்டில் ஒரு லாப்ரடார் இருக்கிறது. பெயர் ஜூலி. என் கணவர் ஆசைப்பட்டு மதுரையிலிருந்து வாங்கி வந்தது. தடுப்பூசி அட்டையில் உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது அவர்தான். அதை நான் மறைக்கக் கூடாது. ஆனால் நானும் அவரும் காலை எட்டரைக்கு வேலைக்குப் போனால் மாலை ஐந்தரை வரைக்கும் ஜூலி தனியாக இருக்க வேண்டும். குட்டியாக இருந்தபோது தனிமை தாங்காமல் கதவைப் பிறாண்டிப் பிறாண்டி நகத்தில் ரத்தம் வந்தது. அதற்காகத்தான் ஒரு பாட்டியை ஏற்பாடு செய்தேன். காலையில் வந்து வாசல் பெருக்கி, ஜூலிக்குச் சோறு வைத்து, நான் வரும் வரைக்கும் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். வேலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. இருக்க வேண்டும், அவ்வளவுதான். எழுபது வயதைத் தாண்டியவர். நாற்பது வருடம் ஏலத்தோட்டத்தில் குத்தவைத்து வேலை செய்ததில் முழங்கால் இரண்டும் போய்விட்டது. மலைக்கு அவரை இனி யாரும் கூப்பிட மாட்டார்கள். எங்கள் வீட்டுத் திண்ணை அவருக்கு நல்ல வேலை என்றுதான் நான் நினைத்தேன். நல்லது செய்கிறோம் என்ற நிறைவும் எனக்கு இருந்தது.

அந்தப் பாட்டி, முன்னே சொன்ன அக்காவின் மாமியார். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடையைத் தாண்டினால் அவர்கள் குடியிருப்பு. அக்காவின் கணவர் திருப்பூரில் இருக்கிறார். வீட்டில் அக்காவும் பாட்டியும், மணி என்ற நாட்டு நாயும்தான்.

அந்த ஆடியில் மணி குரைக்கத் தொடங்கியது. குரைப்பு என்பதைவிட ஊளை என்று சொல்லலாம். காலை பத்து மணிக்குத் தொடங்கினால் மதியம் வரைக்கும் விட்டு விட்டுக் கேட்கும். எங்கள் தெருவில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். இரவு வேலை முடிந்து வந்து தூங்குகிறவர் ஒருவரும் இருந்தார். எல்லாரும் என்னிடம் வந்தார்கள். நான் டீச்சர், பதமாகப் பேசுவேன். பாட்டியும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர். ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு ஓடையைத் தாண்டிப் போனேன். அக்கா வாசலில் அமர்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தார். மணி அவிழ்த்துவிடப்பட்டு அவர் காலடியில் கிடந்தது. வேப்பமரத்தில் ஒரு சங்கிலி தொங்கியது. சங்கிலி எட்டுகிற தூரம் வரைக்கும் மரத்தடி மண் வட்டமாகத் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. முதலில் பார்த்ததே அதைத்தான் என்பதால் பதமாகப் பேச வந்தவள் அதை மறந்துவிட்டேன்.

“பதினாலு மணி நேரம் கட்டியே போட்டு வச்சா அது ஊளையிடாம என்ன செய்யும்க்கா? பாத்துக்க நேரமில்லைன்னா எதுக்கு நாய் வளக்கணும்?” என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுச் சொன்னார்: “மணிக்கு இருந்த ஆளைத்தான டீச்சர் நீங்க சம்பளம் குடுத்து உங்க நாய்க்கு வச்சிருக்கீங்க.”

நான் பதில் சொன்னதாக நினைவில்லை. ஓடைப் பாலத்தில் திரும்பி வரும்போதுதான் கணக்கு புரிந்தது. பாட்டி எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கியது ஆனியில். அதுவரைக்கும் மணியைக் கட்டியதே இல்லை. பாட்டி வாசலில் இருப்பார், மணி தெருவிலும் வாசலிலுமாகத் திரியும். பாட்டி போன பிறகு அவிழ்த்துவிட்டால் கோழியைத் துரத்துகிறது, சின்னப் பிள்ளைகளின் மேல் ஏறுகிறது என்று புகார் வர, கட்ட வேண்டியதாயிற்று. ஜூலியின் தனிமையைத் தீர்ப்பதற்காக நான் மணியின் தனிமையை உண்டாக்கியிருக்கிறேன். பிறகு அதைச் சொல்லி அந்த வீட்டுக்கே போய் அறிவுரையும் கூறியிருக்கிறேன்.

ஜோன் ட்ரோன்டோ என்ற அமெரிக்க அரசியல் சிந்தனையாளர் 1993இல் எழுதிய ஒரு நூலில் பராமரிப்பை நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறார். ஒரு தேவை இருப்பதைக் கவனித்து அக்கறை கொள்வது, அதற்கு ஏற்பாடு செய்வது, கையால் செய்வது, பராமரிப்பைப் பெறுவது. முதல் இரண்டும் அதிகாரம் உள்ளவர்களிடமும் பின் இரண்டும் இல்லாதவர்களிடமும் போய்ச் சேர்வதுதான் வழக்கம் என்பது அவர் கவனித்த விஷயம். முதுகலை வகுப்பில் இதை நான் நடத்தியிருக்கிறேன், ஆணும் பெண்ணும் என்ற உதாரணத்தோடு. என் கணவர் அக்கறை கொள்வார், நான் செய்வேன் என்று புரிந்துகொண்டு அதில் எனக்கு நியாயமான கோபமும் இருந்தது. ஜூலி விஷயத்தில் நானும் ஏற்பாடு செய்கிற கட்டத்துக்கு ஏறிவிட்டேன் என்பதை எனக்குக் காட்ட ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் பேச வேண்டியிருந்தது. பெண்ணியம் படித்தவள் வீட்டு வேலையிலிருந்து விடுபடுவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. வேலை குறைவதில்லை, இன்னொரு பெண்ணின் மடிக்கு மாறுகிறது. அவளுடைய வீட்டில் அந்த நேரம் என்னவாகிறது என்று நாம் போய்ப் பார்ப்பதில்லை.

இதோடு நிறுத்தினால் இது ஒரு குற்ற உணர்ச்சிக் கட்டுரை ஆகிவிடும். என் கேள்வி வேறு. என் பங்கை ஒதுக்கி வைத்துவிட்டு அந்த வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். நேரம் இல்லாதவர்கள் நாய் வளர்க்கக் கூடாது என்பது சரிதானா?

நாயின் பக்கத்திலிருந்து பார்த்தால் சரி. மணிக்கு வர்க்கம் தெரியாது. கட்டப்பட்ட பதினான்கு மணி நேரம் அதற்குப் பதினான்கு மணி நேரம்தான். அக்காவின் வறுமை அதில் ஒரு நிமிடத்தைக்கூடக் குறைக்காது. சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, விலங்கை நியாயமற்ற நேரம் குட்டையான அல்லது கனத்த சங்கிலியில் கட்டி வைப்பதையும், வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கும் நாயை உரிமையாளர் நடமாட விடாமல் இருப்பதையும் குற்றம் என்கிறது. முதல் முறை குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. தொகையைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனாலும் நாயின் நேரத்துக்கு ஒரு மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொண்ட சட்டம் என்று அதை நான் மதிக்கிறேன். அந்தச் சட்டத்துக்கு உரிமையாளரை மட்டும்தான் தெரியும். உரிமையாளரின் பதினான்கு மணி நேரத்தை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்க அதில் இடம் இல்லை.

மனிதர் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த வாக்கியத்தில் வேறொன்று கேட்கிறது. கூலிப் பெண்கள் அந்தத் தொனியை வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிரசவ வார்டில், “வளக்க முடியாதவங்க எதுக்குப் பெத்துக்கறீங்க?” பள்ளிக்கூடத்தில், “பிள்ளையக் கவனிக்க நேரமில்லைன்னா எப்படிப் படிக்கும்?” நேரம் என்பதை ஒவ்வொருவரும் தம் பையில் வைத்திருக்கிற காசு போலவும், செலவழிக்க மனம் இல்லாமல் இருப்பது போலவும் பேசுகிறோம். நேரத்தை விற்றுத்தான் அரிசி வாங்க வேண்டும் என்றிருப்பவரிடம் நேரம் எங்கே என்று கேட்பது, நிலத்தை விற்றவரிடம் ஏன் உழவில்லை என்று கேட்பது போல. அப்படியானால் அன்பு வைப்பதும் ஓய்வு நேரம் உள்ளவர்களுக்கு மட்டுமான சொத்தாகிவிடுகிறது. மலை ஏறிப் போகிறவள் உழைக்கலாம், சாப்பிடலாம், தூங்கலாம். ஓர் உயிரைத் தன்னுடையது என்று வைத்துக்கொள்ள மட்டும் அவள் தகுதிச் சான்று காட்ட வேண்டும்.

அக்காவிடம் பிறகொரு நாள் நிஜமாகவே கேட்டேன், எதற்காக மணியை வைத்திருக்கிறீர்கள் என்று. முதலில் அவர் சொன்ன காரணம் நான் எதிர்பார்த்ததுதான். நாலே முக்கால் இருட்டில் ஜீப் நிற்கிற இடம் வரைக்கும் மணி கூட வரும். பெண் தனியாக நடக்கத் துணை. கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நாய் ஒரு பயனுக்காக என்றால் அதை நியாயப்படுத்திவிடலாம். அந்த நிம்மதி கொஞ்சம் அசிங்கமானது என்று அவரே காட்டிக்கொடுத்தார். சற்று யோசித்துவிட்டு, “அது பொய்யி டீச்சர். எல்லாரும் கேட்டா அப்படித்தான் சொல்றது. சாயங்காலம் வந்தா வீட்ல எல்லாம் கேக்கத்தான் செய்யும். தண்ணி புடிக்கணும், அடுப்பப் பத்த வைக்கணும், அத்தைக்குக் காலு நீவணும். இதுவும் சோறு கேக்குது. ஆனா கேக்குறதுக்கு முன்னால ஒரு ஆட்டம் ஆடுதுல்ல” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

ஜூலி வந்தபோது என்னிடம் யாரும் காரணம் கேட்கவில்லை. அதற்குக் காவல் காக்கவும் தெரியாது. திருடன் வந்தால் அவனுக்கும் வாலாட்டும்.

தமிழ்நாட்டில் நாய்க்கு நடுகல் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து, ஏழாம் நூற்றாண்டுக் கல் ஒன்றில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரும் கல்வெட்டில் உள்ளது. அது கள்ளரைக் கடித்துக் காத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. தமிழில் காத்தலும் காத்திருத்தலும் ஒரே வேரிலிருந்து வருகிற சொற்கள் என்பதை மாணவிகளுக்குச் சொல்ல நான் எடுத்துக்கொள்கிற உதாரணம் இந்தக் கல். கோவிவனின் காத்தல் கல்லில் ஏறியது. கருந்தேவக்கத்தி என்ற அந்த வீரன் வெளியே போயிருந்த நேரமெல்லாம் நாய்க்குக் கஞ்சி ஊற்றியது யார் என்று கேட்டால் கல்லில் பதில் இருக்காது. எங்கள் பக்கத்துக் கோம்பை நாய்க்கும் வேட்டை, காவல் என்றுதான் பெருமை பேசுகிறார்கள். நாயைப் பற்றிய பெருமைகள் எல்லாம் ஆண் வெளியே போவதும் நாய் அவனோடு போவதுமாக இருக்கின்றன. போகாமல் வாசலில் கிடக்கிற பொழுதைப் பற்றி யாரும் பாடுவதில்லை.

அப்படிப் போன நாய்களில் பெரும்புகழ் பெற்றது தருமரோடு மேரு நோக்கி நடந்த நாய். இந்திரன் தேரோடு வந்து, நாய் வைத்திருப்பவர்களுக்குச் சொர்க்கத்தில் இடமில்லை, விட்டுவிட்டு ஏறு என்கிறான். என்னை நம்பி வந்ததை விடமாட்டேன் என்று தருமர் மறுக்கிறார். நாய் தர்ம தேவதையாக மாறுகிறது. சின்ன வயதில் தாத்தா சொல்லக் கேட்டு அழுதிருக்கிறேன். வளர்ந்த பிறகு படித்தபோது சற்று முன்பக்கத்தில் நின்றுவிட்டேன். அதே பாதையில் முதலில் விழுந்தவள் பாஞ்சாலி. ஏன் விழுந்தாள் என்று பீமன் கேட்கிறான். அர்ச்சுனன் மேல் அவளுக்குக் கூடுதல் பிரியம், அதனால் என்று காரணம் சொல்லிவிட்டுத் தருமர் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். தம்பிகளையும் அவளையும் விட்டு வந்தவனுக்கு நாய் மட்டும் எதற்கு என்று இந்திரனே குத்திக் கேட்கிறான். இறந்துவிட்டவர்களை உயிர்ப்பிக்க என்னால் ஆகாது, உயிரோடு இருக்கையில் அவர்களை நான் விடவில்லை என்பது தருமரின் பதில். விழுந்தவள் அருகே ஒரு முறை குனிந்து, மூச்சு இருக்கிறதா என்று பார்த்தவர் சொல்லியிருந்தால் அந்தப் பதில் எனக்குப் போதுமாக இருந்திருக்கும்.

நாய்மேல் வைக்கிற இரக்கம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. தருமரின் இரக்கம் உண்மையானதுதான். ஆனால் நம்மையே நம்பி நடந்து வரும் நாயை நேசிப்பது எளிது. அதற்கு நம்மேல் குறை இல்லை. உடன் நடந்து களைத்து விழுகிறவளுக்கு வாய் இருக்கிறது. மரத்தடியில் தேய்ந்த வட்டத்தைக் கண்டதும் என் கண் கலங்கியது. அதற்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து, பதினான்கு மணி நேரம் கழித்து வந்து அரிசி களைந்துகொண்டிருந்தவரின் கால் பித்தவெடிப்பு எனக்கு அன்றைக்குத் தெரியவே இல்லை.

2025 ஆகஸ்ட் 11இல் டெல்லித் தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 22ஆம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றும்படி இன்னோர் உத்தரவும் வந்தது. அப்போது எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையிலும் இரண்டு கட்சி. நாய்ப் பிரியர்கள் ஒரு பக்கம், கடிபட்டவர்கள் மறு பக்கம். இருட்டில் ஜீப்புக்கு நடக்கும் பெண்கள் எந்தக் கட்சி என்று நான் யோசித்தேன். தெரு நாய்க்கு முதலில் பயப்படுகிறவர்களும் அவர்கள்தான். டீக்கடை வர்க்கியில் பாதியைப் பிய்த்துப் போடுகிறவர்களும் அவர்கள்தான். அவர்களுடைய அன்பைக் கணக்கில் எடுக்க அந்த விவாதத்தில் பெட்டி இல்லை.

நாயின் நன்றியைப் பற்றி நாடே பேசிய ஒரு நேரம் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவில் மூணாறு ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் நிலம் சரிந்து தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகள் புதைந்தன. எழுபது பேர் போனார்கள். தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். ஒரு வாரம் கழித்து, இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் உடலை அந்த வீட்டு நாய் குவிதான் ஆற்றோரம் கண்டுபிடித்துக் கொடுத்தது. செய்தி எங்கும் பரவியது. காவல்துறை நாய்ப் பயிற்சியாளர் ஒருவர் குவியைக் கொஞ்ச காலம் வளர்த்தார். பிறகு அந்தக் குடும்பத்தில் எஞ்சியிருந்த மூதாட்டியிடமே அது திரும்பிப் போனது. மக்கள் குவியின் நன்றியைப் புகழ்ந்தார்கள். நன்றி என்றால் அதற்கு முன்னால் யாரோ எதையோ கொடுத்திருக்க வேண்டும் இல்லையா? நேரமே இல்லாதவர்கள் என்று நாம் நினைக்கிற தோட்டத் தொழிலாளர் வீட்டில், பிரிந்த பிறகும் தேடி அலையும்படியான ஓர் உறவு அந்த நாய்க்குக் கிடைத்திருக்கிறது. பெரியவர்கள் கொழுந்தெடுக்கப் போன பிறகு பிள்ளையும் நாயும் கிழவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கிடப்பது மலையில் புதிதல்ல. நல்ல வளர்ப்பு பற்றிய புத்தகங்களில் ஒரு நாய்க்கு ஒரு எஜமான் இருப்பார். குவி போன்ற நாய்களுக்கு ஒரு வரிசை வீடே இருந்திருக்கும்.

அதே 2020இல் ஊரடங்கு வந்து போடிமெட்டுச் சோதனைச் சாவடி அடைக்கப்பட்டபோது மலை ஜீப்புகள் நின்றுபோயின. அக்கா மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார். அந்த நாட்களைப் பற்றி அவர் சொன்னது: “அப்ப மணி குட்டி. நாள் பூரா மடியிலதான் கெடக்கும். அதுக்கு ஊத்தத்தான் வீட்ல ஒண்ணும் இல்ல.” நேரம் இருந்தபோது சோறு இல்லை. சோறு வந்தபோது நேரம் போய்விட்டது. நேரம் இருப்பவர்கள்தான் வளர்க்க வேண்டும் என்கிற விதியை இந்த வீட்டுக்கு எந்த மாதத்தில் பொருத்துவது?

அந்த இரவுக்குப் பிறகு நான் செய்தது ஒரு சின்ன மாற்றம். பாட்டி எங்கள் திண்ணைக்கு வருவதற்குப் பதில் ஜூலி பாட்டியின் வாசலுக்குப் போகட்டும் என்று சொன்னேன். சம்பளம் அப்படியே. காலையில் கல்லூரிக்குக் கிளம்பும் முன் நான் ஜூலியை ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவேன். மணி கட்டவிழ்ந்து இருக்கும். பாட்டி தன் வீட்டில் தன் கட்டிலில் இருப்பார். சொன்னதும் எங்கள் வீட்டில் எதிர்ப்பு வந்தது. “அங்கயா?” என்றார்கள். யாரும் சாதியின் பெயரைச் சொல்லவில்லை. உண்ணி பிடிக்கும் என்றார்கள், தண்ணீர் சரியில்லை என்றார்கள், வம்சம் கெட்டுவிடும் என்றுகூட ஒருவர் சொன்னார். ஜூலிக்குக் கருத்தடை ஆகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பாட்டி எங்கள் பக்கம் வந்து எங்கள் நாய்க்குச் சோறு பிசைந்தபோது இல்லாத உண்ணி, நாய் அந்தப் பக்கம் போகும்போது மட்டும் எங்கிருந்து வரும்? நான் விவாதிக்கவில்லை. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டேன். முதல் வாரம் எங்கள் தெருவே வேடிக்கை பார்த்தது. மணியின் ஊளை நின்றதால் பிறகு அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை.

பிரச்சினை இதோடு தீர்ந்துவிட்டது என்று நானும் அக்காவும் சேர்ந்தே நம்பினோம். அடுத்த கார்த்திகையில் பாட்டி தேவாரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்ப் பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்தார். இரண்டு நாய்க்கும் ஆள் இல்லை. என் கணவருக்கு விடுப்பு கிடைக்காது. அக்கா ஒரு நாள் போகாவிட்டால் அந்தச் சுற்றுக்கு வேறு ஆள் ஏறிவிடும். நான் மூன்று நாள் தற்செயல் விடுப்பு எடுத்தேன். காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதினேன். நாய்க்காக என்று எழுத வெட்கமாக இருந்தது. மீதி நாட்களில் இரண்டையும் கட்டிப்போட்டோம். பாட்டி எப்போது வருவார், ஏன் இத்தனை நாள் இருக்கிறார் என்று நாங்கள் இருவரும் ஓடைப் பாலத்தில் நின்று சலித்துக்கொண்டோம். சலித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. எங்கள் இருவரின் நியாயமும் ஒரு கிழவியின் நேரத்துக்கு மேல் கட்டிய வீடு. என் வீட்டில் இருந்தாலும் அக்கா வீட்டில் இருந்தாலும், அவருக்கு நேரம் இருக்கிறது என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம். அவருக்கு நாய் பிடிக்குமா என்றுகூட ஒருவரும் கேட்டதில்லை.

திரும்பி வந்ததும் கேட்டேன்.

“புடிக்குதோ புடிக்கலையோ, நான் எட்டு வயசுல இருந்து எதையாச்சும் பாத்துக்கிட்டேதான் தாயி இருக்கேன். ஆத்தா மலைக்குப் போனா தம்பியப் பாத்துக்கிட்டேன். நான் மலைக்குப் போனப்ப எம் பிள்ளைகள எங்க அத்தை பாத்துச்சு. இப்ப நாயி” என்றார். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுவிட்டு, “ரெண்டு நாய்க்கு ஒரு சம்பளம்தான் குடுக்க. அத முதல்ல யோசி” என்றார்.

நியாயம்தான். கூட்டிக் கொடுத்தேன். கூட்டியதில் பாதியைத் தான் தர வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தார். மணி என் நாய், அதற்கு நீங்கள் எதற்குக் கொடுக்கணும் என்றார். அவர் கூலியிலிருந்து வாங்குவது எனக்கு உறுத்தியது. வாங்க மறுப்பதும் உறுத்தியது. மறுத்தால் மணியும் என் தர்மக் கணக்கில் வந்துவிடும். கடைசியில் வாங்கிப் பாட்டியிடமே கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பாட்டிக்கு விடுமுறை. அன்றைக்கு அக்காவும் வீட்டில் இருப்பார், நானும் இருப்பேன். அந்த ஒரு நாள் ஜூலியைப் பார்த்துக்கொள்வது என் கணவர் பொறுப்பு என்று பேசியிருக்கிறோம். பாதி ஞாயிறு நடக்கிறது. நடக்காத ஞாயிற்றில் நான் செய்துவிடுகிறேனா, தண்ணீர்ச் சட்டியைக் காலியாகவே விட்டு அவருக்கு உறைக்கட்டும் என்று இருக்கிறேனா என்று கேட்டால், சட்டியை நிரப்பிவிடுகிறேன். ஜூலி தாகத்தோடு இருந்து என் கணவருக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

பாட்டியின் முழங்கால் இந்த வருடம் இன்னும் மோசம். அடுத்த ஆடிக்குள் வேறு ஏதாவது யோசிக்க வேண்டும் என்று நானும் அக்காவும் பேசிக்கொண்டிருக்கிறோம். குடியிருப்பில் இன்னும் நான்கு வீட்டில் நாய் இருக்கிறது, அந்த வீட்டுப் பெண்களும் மலைக்குத்தான் போகிறார்கள். எல்லாரும் காசு போட்டு ஓர் ஆளுக்கு ஒழுங்கான கூலி கொடுக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். கைக்குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிற இடமாக அது இருந்தால்தான் வரும் என்று அக்கா சொன்னார். நாய்க்கு மட்டும் என்றால் யாரும் காசு போட மாட்டார்கள், சிரிப்பார்கள். குழந்தையையும் நாயையும் ஒரே இடத்திலா என்று நான் தயங்கினேன். “இப்ப மட்டும் வேற எங்கயா இருக்குதுக டீச்சர்?” என்றார்.

போன வாரம் கல்லூரியிலிருந்து வர எனக்கு நேரமாகிவிட்டது. ஏழு மணிக்கு ஓடையைத் தாண்டிப் போனால் வாசலில் ஜூலி இல்லை. பாட்டி கட்டிலில் இருந்தபடியே ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார். ஜீப் நிற்கிற இடத்தில், டீக்கடை விளக்குக்குக் கீழே, மணியும் ஜூலியும் உட்கார்ந்திருந்தன. முந்தல் பக்கமிருந்து ஒரு ஜீப் வந்தது; இரண்டும் எழவில்லை. அடுத்த ஜீப் வளைவில் திரும்பும் முன்பே எழுந்துவிட்டன.

நான் கூப்பிட்டேன். ஜூலி ஒரு முறை திரும்பிப் பார்த்து வாலை ஆட்டிவிட்டு, ஜீப்பிலிருந்து இறங்குகிறவர்களின் காலடிக்கு ஓடியது.